வியாபாரிக்கு முன்னே முடிவு வரவேண்டும்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குச் செல்வோரில் பலர் மகாவலி கங்கையின் அக்கரையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே கன்னொறுவையில்தான் அரசின் மிருகவைத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாட்டின் ஏதோவொரு மூலையில் பன்றிகள் கூட்டமாக மடியும்போது, காரணத்தைக் கூறவேண்டிய இடம் அது.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் பொருட்டு நாடு முழுவதுமே அபாய வலயமென வர்த்தமானி மூலம் அறிவிக்கப்பட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால் கொடிய வகை தாக்கிய பன்றிகளில் அநேகமாக எதுவும் பிழைப்பதில்லை. கடும் காய்ச்சல், தீனி மறுத்தல், தோல் சிவத்தல் என்னும் அறிகுறிகள் நாம் முன்பே அறிந்த பன்றிக் காய்ச்சலுக்கும் உரியவையே. அனுபவம் மிக்க மிருக வைத்தியராலும் வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிய இயலாது. இரத்தத்தில் பிறபொருளெதிரியைத் தேடுவதும் போதாது. அது உருவாகுமுன்பே விலங்கு இறந்துவிடக்கூடும். வைரசின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை வேண்டும். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட சொல்தான் அது.

நோயைப் பிழையாகக் கணிப்பதன் விலையை மலேசிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1998இல் ஈப்போவை அண்டிய பன்றிப் பண்ணைகளில் மனிதர் மடியத் தொடங்கியபோது, ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே கருதி நுளம்புகளுக்கு மருந்தடித்தார்கள். 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் சுவா கௌ பிங் அது புதியதொரு வைரசெனக் கண்டறிந்தார். நிபா எனப் பெயர் பெற்ற அவ்வைரசு அடங்குவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சம் பன்றிகள் வரை கொல்லப்பட்டன.

இத்துறை பேராதனைக்குப் புதிதன்று. 1980களின் பிற்பகுதியில் அனுராதபுரத்தில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பரவியபோது, நுளம்பையும் பன்றியையும் மனிதரையும் ஒருசேர ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பேராதனை மருத்துவ பீடத்தின் மாலிக் பீரிஸ். 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் வைரசைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே.

ஆகவே குறை அறிவில் இல்லை. பண்ணைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. பத்துப் பன்றிகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், ஒன்று நோயுற்றதும் என்ன செய்வார்? முடிவு வரத் தாமதிக்குமானால், வந்தபின் இழப்பீடும் கிடைக்காதென அஞ்சுவாரானால், மற்ற ஒன்பதையும் அன்றிரவே விற்றுவிடுவார். வைரசும் அதே லொறியில் அடுத்த ஊருக்குப் போகும். உறைந்த இறைச்சியில் அது மாதக்கணக்கில் உயிர்ப்போடிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. அவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் மட்டும் நோயைத் தடுக்காது.

மாகாணந்தோறும் பரிசோதனை வசதி, குறித்த நாளுக்குள் முடிவு, அழிக்கப்படும் விலங்குக்கு உடனடி இழப்பீடு. இம்மூன்றும் சேர்ந்தாலன்றி, கன்னொறுவையில் எத்தனை நுட்பமான கருவி இருந்தும் பயனில்லை. பண்ணையாளரின் படலைக்கு முதலில் வந்து சேர்வது பரிசோதனை முடிவா, இறைச்சி வியாபாரியா என்பதே இங்கு கேள்வி.