வந்தாறுமூலைக்கு வேண்டிய பட்டம்

படுவான்கரையிலிருந்து வேளாண்மைக்காரர் ஒருவர் அண்மையில் எமது அலுவலகத்துக்கு வந்தார். கையில் நான்கு ஏக்கர் வயற்காணியின் உறுதி. அதனை ஈடுவைத்துப் பணம் பெறுவதற்கு ஈட்டுறுதி எழுதித் தரவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். மகள் உயர்தரப் பரீட்சையில் உயிரியற் பிரிவில் சித்தியெய்தியிருக்கிறாள். மருத்துவ பீடத்துக்குரிய வெட்டுப்புள்ளி கிட்டவில்லை. கொழும்பில் தனியார் நிறுவனமொன்று மருத்துவ உயிர்த்தொழில்நுட்பவியல் என்னும் பட்டப்படிப்புக்கு இடந்தர முன்வந்திருக்கிறது. "பிள்ளை இதைப் படிச்சா டொக்குத்தராத்தானே வருவா, ஐயா?" என்று கேட்டார்.

இல்லை என்பதே விடை. மருத்துவப் பட்டம் வேறு, இது வேறு. ஆயினும் அவ்விடையோடு அவரை அனுப்பிவிட எமக்கு மனம் வரவில்லை. இந்தக் கல்வி எமது மாவட்டத்துக்கு, அதிலும் அவரைப்போல் சேற்றில் கால்வைத்து வாழ்வோருக்கு, இன்றியமையாத கல்வி என்பது எமது துணிபு. வந்தாறுமூலையில் அரசாங்கச் செலவில் கிடைத்திருக்க வேண்டியதைக் கொழும்பில் விலைகொடுத்து வாங்குவதற்கு ஓர் ஏழை தன் வயலை ஈடுவைக்க வருகிறார். இதுபற்றியே இவ்வாரம் எழுதுகிறோம்.

மாரி பிடித்துப் பெரும்போக வயலில் இறங்குபவர்களுக்குக் காய்ச்சல் வருவது எமக்குப் புதிதன்று. எலிக்காய்ச்சலை எல்லோரும் அறிவர். எமது மக்களுட் பெரும்பாலோர் அறியாத இன்னொரு காய்ச்சலும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்பது அதன் பெயர். ஊர்வழக்கில் அதற்குப் பெயரே கிடையாது. பெயரற்ற கள்வனாகவே எம் வயல்களில் அது உலாவுகிறது. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா காலிலுள்ள கீறல் வழியாகவோ, புயல்மழையின்போது சுவாசத்தின் வழியாகவோ உடம்பினுட் புகுகிறது. நீரிழிவு உள்ளவர்களை அது சிறப்பாகத் தேடிப் பிடிக்கிறது. நியூமோனியா போலத் தோன்றும். கசம் போலத் தோன்றும். ஈரலில் சீழ்க்கட்டியாகவும் தோன்றும். பெனிசிலின், ஜென்டமைசின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு அது அசைவதில்லை. செப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் என்னும் மருந்தை நரம்புவழி ஏற்றி, அதன்பின் மூன்று மாதங்களேனும் கோ-டிரைமொக்சசோல் குளிசை கொடுக்கவேண்டும். உரிய மருந்து காலத்தில் ஏறாவிட்டால் சில நாட்களிலேயே உயிர் போய்விடக்கூடும்.

இந்நோயை முதன்முதலில் இனங்கண்டவர்கள் ரங்கூனில் பணியாற்றிய அல்பிரட் விட்மோரும் அவருடைய துணைவர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் ஆவர். அவர்களுடைய கட்டுரை 1912இல் வெளிவந்தது. இலங்கையில் 1927இல் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகரிடம் அது கண்டறியப்பட்டது. தரகருக்கு வந்த நோய் வயற்காரனுக்கு வரவில்லை என்று எவரும் நம்பமாட்டார்கள். தரகரின் இரத்தத்தைப் பரிசோதிக்க ஆளிருந்தது. வயற்காரன் 'காய்ச்சலில் போனான்'. இந்நூற்றாண்டில் இலங்கை ஆய்வாளர் சிலர் முறைப்படி தேடத் தொடங்கிய பின்னரே அது நாட்டின் பல மாவட்டங்களிலும் வேரூன்றியிருப்பது வெளியாயிற்று.

கிழக்கிலங்கையில் கடும் மழையைத் தொடர்ந்து ஒரே காலப்பகுதியில் இந்நோய்க்கு ஆளான 10 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2021இல் வெளியாகியது. அவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த கிருமிகளின் டி.என்.ஏ. முழுவதையும் வாசித்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவையல்ல, தம்முள் வேறுபட்டவை. ஓரிடத்திலிருந்து பரவிய தொற்று இதுவாக இருந்தால் அவ்விடத்தைக் கண்டு மூடிவிடலாம். பலவகைக் கிருமிகள் பல இடங்களில் நெடுங்காலமாகக் குடியிருக்கின்றன என்றால் கதை வேறு. எந்தக் குளத்தின் கீழுள்ள கண்டத்தில், எந்த மாதத்தில் ஆபத்து மிகுதி என்பதை ஆண்டுதோறும் மண்ணெடுத்துப் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களை உருவாக்கும் கல்வியே மருத்துவ உயிர்த்தொழில்நுட்பவியல். கலம், பரம்பரையலகு, புரதம், நுண்ணங்கி, நிர்ப்பீடனம் ஆகியவற்றைக் கற்று, அந்த அறிவைக் கொண்டு நோயறியும் சோதனைகளையும் மருந்துகளையும் தடுப்பூசிகளையும் ஆக்கும் துறை அது. கொரோனாக் காலத்தில் பீ.சீ.ஆர். என்ற சொல் எங்கள் கிராமத்துக் கிழவிகளின் வாயிலும் புகுந்தது. அந்தச் சோதனை இத்துறையின் அன்றாடக் கருவி. நீரிழிவுக்காரர் ஊசியில் ஏற்றும் இன்சுலின் ஒருகாலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்து எடுக்கப்பட்டது. மனிதப் பரம்பரையலகைப் பற்றீரியாவினுட் புகுத்தி ஆக்கிய இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. இக்கல்வியின் பயன் எங்கோ அந்நிய தேசத்தில் இருப்பதாக எண்ணுபவர்கள், தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களாக.

நாம் நீதிமன்றத்தில் உழல்பவர்கள். அங்கே சாட்சியமின்றித் தீர்ப்பில்லை. வைத்தியசாலையிலோ, ஆய்வுகூடத்தில் ஆள் குறைவென்றால், சாட்சியின்றியே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. வைத்தியர் வேறென்ன செய்வார்? இன்னும் ஒரு கொடுமை உண்டு. மெலியோய்டோசிஸ் கிருமி வளர்ப்புத் தட்டில் முளைத்தாலும், பழகாத கண்ணுக்கு அது வெளியிலிருந்து வந்து விழுந்த மாசாகத் தோன்றும். தட்டைக் கழுவி ஊற்றிவிடுவார்கள். உண்மைச் சாட்சியைப் பொய்ச்சாட்சியென்று வெளியேற்றியதற்கு ஒப்பான செயல் இது. மேன்முறையீடு செய்ய நோயாளி இருப்பதில்லை.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. மருத்துவ பீடத்து இடமொன்றே மானம் என்ற எண்ணம் எமது சமுதாயத்தில் ஆழப் பதிந்துவிட்டது. அதற்கு வரலாறு உண்டு என்பதை நாம் மறக்கவில்லை. 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 229 புள்ளியும் தகைமையென விதிக்கப்பட்டன. அந்த வடு ஆறவில்லை. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் யாழ்ப்பாணத்து மாணவர் இழந்தனர். மட்டக்களப்பு மாணவரோ சில இடங்களைப் பெற்றனர். இதை வெளிப்படையாகச் சொல்ல எம்மிற் பலர் கூசுகிறார்கள். நாம் சொல்கிறோம். எனினும் ஒதுக்கீடு எவ்வளவு தந்தாலும், உயிரியல் கற்பவர்களுள் மிகச் சிலரே மருத்துவ பீடத்தினுட் செல்வர். எஞ்சியவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று ரியூசன் கொட்டில்களில் இளமையைக் கரைப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

எமது மண்ணின் பெருமகன் விபுலானந்தரை மேடைதோறும் போற்றுகிறோம். அவர் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றவர், விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் என்பதை மேடைகளில் அரிதாகவே கேட்கிறோம்.

1981 ஓகஸ்டு முதலாந் திகதி வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. போர்க்காலத்தில் அது பட்ட துன்பம் கொஞ்சமன்று. அதன் உபவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் 2006 டிசெம்பர் 15ஆந் திகதி கொழும்பில் காணாமற்போனார். அத்தனைக்கும் பின் இன்று அங்கே விஞ்ஞான பீடம் உண்டு. விவசாய பீடம் உண்டு. சுகாதார பராமரிப்பு விஞ்ஞான பீடம் உண்டு. அருகே போதனா வைத்தியசாலையும் உண்டு. மண்ணை அறிந்தவர்கள், கிருமியை அறிந்தவர்கள், நோயாளியை அறிந்தவர்கள் மூன்று கூரைகளின் கீழ் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து மருத்துவ உயிர்த்தொழில்நுட்பவியலில் நான்காண்டுச் சிறப்புப் பட்டமொன்றை நடத்தவேண்டும் என்பது எமது கோரிக்கை. அதன் இறுதியாண்டு ஆய்வுகள் உன்னிச்சைக்குளத்தின் கீழும் வாவிக்கரையிலும் நடக்கட்டும். மூதவையும் பேரவையும் முன்மொழிய, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசைந்தால் ஆகக்கூடிய காரியம் இது. பாராளுமன்றத்தில் எம் பெயரால் அமர்ந்திருப்பவர்கள் அந்த ஆணைக்குழுவின் வாசலை எத்தனை முறை மிதித்தார்கள் என்று கேட்க எமக்கு உரிமையுண்டு.

பட்டம் மட்டும் போதாது. 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்காக வெயிலில் அமர்ந்திருந்தார்களே, அந்த வரிசையில் இன்னொரு கூட்டத்தைச் சேர்ப்பதற்கு நாம் வாதாடவில்லை. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக அரச வைத்தியசாலையில் பணிபுரிவதற்கு மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மருத்துவப் பேரவையில் பதிவு வேண்டும். உயிர்த்தொழில்நுட்பப் பட்டம் அதற்குரிய பட்டமன்று. ஆகவே வைத்தியசாலைகளிலும் பிராந்திய சுகாதார சேவைகளிலும் இப்பட்டதாரிகளுக்கெனப் பதவியொன்றை அரசாங்கம் ஏற்படுத்தவேண்டும். பாடத்திட்டம் எழுதுமுன்னரே பதவிக்கான உறுதிமொழியை எழுத்தில் வாங்கவேண்டும் என்போம் நாம். வாய்மொழி வாக்குறுதிகளின் பெறுமதி தமிழருக்குத் தெரியாததன்று.

மொழியும் ஓர் இடர். வெல்லாவெளியிலும் வவுணதீவிலும் தமிழில் உயிரியல் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் அத்தனையையும் மறுபடி படிக்கவேண்டியிருக்கிறது. முதலாண்டில் தோற்பவர்களுட் பலர் அறிவிற் குறைந்தவர்களல்லர். இதற்கு வேண்டிய ஆங்கிலப் பயிற்சியைப் பாடசாலையிலேயே தொடங்குவது கல்வித் திணைக்களத்தின் கடமை.

வேளாண்மைக்காரருக்கு நாம் ஈட்டுறுதி எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டு வருமாறு சொன்னோம். முதலாவது, பட்டத்தை வழங்குவது யார்? அந்நிறுவனமே என்றால், பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அதற்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகமென்றால், அதன் பட்டத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா? இரண்டாவது, பிள்ளை தன் கையால் ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் மணித்தியாலங்கள் எத்தனை? இத்துறையில் ஆய்வுகூடமில்லாத பட்டம், கலப்பையில்லாத வேளாண்மை. மூன்றாவது, முதலாண்டுக் கட்டணம் தவிர்ந்த முழுச்செலவு எவ்வளவு, இடைநடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும்?

அவர் தலையசைத்துவிட்டு வள்ளத்துக்கு நேரமாகிறதென்று எழுந்தார். காணி உறுதியை எம்மிடமே வைத்திருக்கச் சொன்னார். வீட்டில் இருந்தால் மனம் மாறிவிடுமாம். அது இப்போதும் எமது அலுமாரியில் இருக்கிறது. அந்த மூன்று விடைகளும் இன்னும் வரவில்லை.