விட்டுவிட்டு நிற்கும் இயந்திரம்

வீராம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் சேதராப்பட்டில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய அவுட்போர்டு இயந்திரம் கரையில் ஒரே இழுப்பில் கிளம்பும். கடலில் ஒரு மணி நேரம் ஓடியபின் திணறி நின்றுவிடும். ஆறியதும் மீண்டும் ஓடும். பட்டறைக்குக் கொண்டு சென்றால் குறை எதுவும் தென்படுவதில்லை. இருமுறை பிளக் மாற்றியும், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை. "முழுசா கெட்டுப் போயிருந்தாக்கூட நிம்மதியா இருக்கும் சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பொருளியல் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. முற்றாகப் பழுதான இயந்திரம் படகைக் கரையிலேயே நிறுத்திவிடும்; இழப்பு சில நாள் வருமானம். விட்டுவிட்டு நிற்கும் இயந்திரமோ, எரிபொருளும் ஐஸும் உழைப்பும் செலவான பிறகு நடுக்கடலில் கைவிடுகிறது. இழுத்துவர வரும் மற்றொரு படகின் தொழிலும் அன்று கெடுகிறது. அச்சத்தால் கரையை ஒட்டியே மீன்பிடிப்பதால் குறையும் வருமானம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

டீசல் இயந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும் அவுட்போர்டுகளுக்குத் தீப்பொறியே உயிர். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இயந்திரங்களில் பிளக்கில் விரைவாகக் கரி படியும். காயிலுக்குள் இருக்கும் நுண்விரிசல் சூடேறும்போது மட்டும் மின்தொடர்பை அறுக்கும். உப்புக்காற்றில் பச்சை பூத்த வயர் இணைப்பு அதிர்வில் மட்டும் விலகும். இவை யாவும் கரையில், குளிர்ந்த நிலையில் ஒளிந்துகொள்கின்றன.

ஆகவே, பழுது தோன்றும் கணத்திலேயே சோதிக்க வேண்டும். இயந்திரம் நின்றவுடன், பெட்ரோல் ஆவி சூழாத நிலையில், சோதனைக் கருவியால் தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் குறை மின்பகுதியில். வந்தால் எரிபொருள் வழியைத்தான் முதலில் ஐயுற வேண்டும். இன்று பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். அதுவும் மின்பழுது போலவே மயக்கும். ஒருநேரத்தில் ஓர் உறுப்பை மட்டுமே மாற்றிப் பார்ப்பது அடிப்படை விதி.

என் மாணவருக்கு விடை கிடைத்தது எப்படி? மெக்கானிக் ஒருவர் படகிலேயே உடன் சென்றார். இயந்திரம் நின்ற நொடியில் சோதித்தார். குறை காயிலில் இருந்தது. ஆனால், ஒருநாள் முழுவதையும் கடலில் செலவிட்ட அந்த அறிவுக்கு ஊதியம் கேட்க அவரே தயங்கினாராம். உதிரிப்பாகத்துக்கு விலை தரும் நாம், பழுதைக் கண்டுபிடிக்கும் திறனுக்கு விலை தருவதில்லை. அதனால்தான் தேவையற்ற பாகங்கள் மாற்றப்படுகின்றன.

பழைய இயந்திரச் சந்தையிலும் இதே நிலைதான். தரம் பற்றிய தகவல் விற்பவரிடம் மட்டும் இருந்தால் நல்ல பொருள் சந்தையிலிருந்து விலகிவிடும் என்று 1970இல் ஜார்ஜ் அகெர்லாஃப் விளக்கினார்; 2001இல் நோபல் பரிசு பெற்றோரில் அவரும் ஒருவர். விட்டுவிட்டு நிற்கும் இயந்திரம், வாங்கும் நாளில் நன்றாகவே ஓடிக் காட்டும்!

பாரம்பரியப் படகுகளுக்கு இயந்திரம் வாங்க அரசு நெடுங்காலமாக மானியம் தருகிறது. பழுதைக் கண்டறியும் சேவைக்கும் அதில் ஒரு சிறு பங்கு வேண்டும். 1963இல் கொச்சியில் தொடங்கப்பட்டு, சென்னையிலும் கிளை கொண்டுள்ள மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிறுவனம் கடல் இயந்திரப் பயிற்சி அளிக்கிறது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் கைத்தேர்ச்சி பெற்ற தொழிலாளர்கள் உள்ளனர். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும் தொலைவில் இல்லை. இவற்றை இணைத்து, வடகிழக்குப் பருவமழையால் கடலுக்குப் போக முடியாத நாட்களில் மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி தரலாம். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பழுதுக் குறிப்பேடு ஒன்றை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கட்டாயமாக்கலாம்.

இயந்திரம் வாங்கித் தருவதோடு அரசின் கடமை முடிவதில்லை. அது கரைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

(கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்)