தூரமும் நேரமும்

ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் தூரம் எவ்வளவு, போய்ச் சேர எத்தனை மணி ஆகும் என்ற இரண்டு கேள்விகளையும் நாம் ஒன்றாகவே பாவித்து வருகிறோம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று கணக்கு உபாத்தியாயர் நமக்குப் போதித்திருக்கிறார் அல்லவா? ஆனால், ஆகாய மார்க்கத்தில் அந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்தையும் லண்டனையும் எடுத்துக்கொள்வோம். பூகோள உருண்டையின்மேல் நூல் பிடித்து அளந்தால் இடைவெளி சுமார் 14,500 கிலோமீட்டர். 2018-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் குவாண்டாஸ் கம்பெனியார் நடுவில் எங்கும் இறங்காமல் இந்தத் தூரத்தைக் கடக்கும் விமானத்தை விட ஆரம்பித்தார்கள். மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும் விமானம் 16 மணி நேரத்தில் லண்டனை அடைய வேண்டும். அடைவதற்கோ 17 மணிக்கு மேல் ஆகிறது. திரும்பி வருவதற்கு அவ்வளவு ஆவதில்லை. காரணம், வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்று. போகும்போது மார்பில் கை வைத்துத் தடுக்கும் அதே காற்று, வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளி உதவுகிறது.

காற்றையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மனிதர் சண்டையை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து செல்லும் ஆகாயப் பாதையும் அத்துடன் அறுந்தது. பிறகு, 1943 முதல் 1945 வரையில், காட்டலினா என்னும் கடல் விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையில் காலி நகருக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கு நேரே பறந்தன. தூரம் 5,600 கிலோமீட்டருக்கு மேல். வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். பெட்ரோலின் பாரமே மிகுதியாகிவிட்டதால் பிரயாணிகள் மூவருக்கு மேல் ஏற இடமில்லை. பகைவர் காதில் விழாதிருக்க ரேடியோவும் மௌனம் சாதித்தது. நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஒரே பிரயாணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைக் கண்டபடியால், அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் வந்தது. மிக நீண்ட பிரயாணம் 32 மணி 9 நிமிஷம் நீடித்தது. இவ்விதம் 271 முறை சமுத்திரத்தைக் கடந்தும் ஓர் உயிர்கூடச் சேதமாகவில்லை என்பது அந்த விமானிகளுக்கு என்றும் பெருமை தரும்.

அது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2024 ஏப்ரலில் ஈரானைச் சுற்றிய வானத்தில் யுத்த பயம் சூழ்ந்தது. லண்டன் செல்லும் விமானம் அந்தப் பக்கத்தை விலக்கிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. எதிர்காற்றில் அவ்வளவு தூரத்துக்கு எண்ணெய் போதாது. ஆகவே சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு சென்றது. பெர்த்துக்குத் திரும்பும் விமானமோ, காற்றின் தயவால், சுற்று வழியிலும் எங்கும் இறங்காமலே வந்து சேர்ந்தது.

தேசப்படத்தில் பெர்த்தும் லண்டனும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயினும் எத்தனை மணி ஆகும் என்று கேட்பவர், இடையிலுள்ள தேசத்தார் சமாதானமாக இருக்கிறார்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.