முடியாத கதை தந்த முதல் பாடம்

"டிப்ளமோ படிக்கிறவன் இன்னுமா படக்கதை பார்க்கிறே?" என்று என்னைக் கேலி செய்யாதவர் நம் விடுதியில் உண்டா? முடியாத அரியருக்குக்கூட 'கன்னித்தீவு' என்றுதானே பேர் வைத்திருக்கிறோம்!

1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய படக்கதை அது. தினமும் சில படம், சில வரி... அவ்வளவுதான். என் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, படம் புரியும். டீக்கடைக்குக் கூட்டிப்போய், "சிந்துபாத் என்னடா சொல்றான், படி" என்பார். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பெஞ்சில் இருப்பவர்கள், நாளைக்கு என்ன ஆகும் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் உருவானது அந்தப் பெஞ்சில்தான்!

இன்று பேப்பர் செல்போனிலேயே வருகிறது. தனியாகப் பார்த்தால் அரை நிமிஷம்; மறந்துபோகும். அதனால் அறைத் தோழர்கள் நாலு பேரும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வாதாடுகிறோம். ராத்திரி போனில் அப்பாவுக்கும் படித்துச் சொல்கிறேன். அவர் யூகம்தான் பலமுறை பலிக்கிறது!

படக்கதையை மட்டம் தட்டாதீர்கள் நண்பர்களே. படித்தவனையும் படிக்காதவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தது அதுதான். உங்கள் வீட்டில் எழுத்து தெரியாதவர் இருக்கிறாரா? இன்றைக்கே ஒரு படக்கதை படித்துக் காட்டுங்களேன்!