அறிவுப் பெட்டகம்: பத்து நாள்கள் எங்கே போயின?



"பள்ளியில் நடந்த பொது அறிவுப் போட்டியில் என் மகன் இறுதிச் சுற்றுவரை வந்தான். இரஷ்யாவில் அக்டோபர் புரட்சி எந்த மாதத்தில் நடந்தது என்று வினவினார்கள். 'நவம்பர்' என்றான். அவையில் இருந்தோர் சிரித்துவிட்டனர்; மதிப்பெண்ணும் போயிற்று. அன்று முதல் அவன் பொது அறிவு நூல் எதனையும் கையால் தொடுவதில்லை. அவன் கூறியது தவறா?" என்று ஒரு தாய் நமக்கு மடல் வரைந்துள்ளார்.

தவறன்று, சகோதரியே. பெற்றோகிராடு நகரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைக் கைப்பற்றிய நாள், அந்நாட்டில் அன்று வழங்கிய நாள்காட்டியின்படி 1917 அக்டோபர் 25. அதே நாள் உரோமையிலும் இலண்டனிலும் சென்னையிலும் நவம்பர் 7. சோவியத் அரசு நிலவிய காலமெல்லாம் புரட்சியின் ஆண்டுவிழா நவம்பர் 7-ஆம் நாளிலேயே கொண்டாடப்பட்டது. ஆகவே 'அக்டோபர்' என்பாரும் 'நவம்பர்' என்பாரும் மெய்யே உரைக்கின்றனர். எந்த நாள்காட்டியின்படி என்று கேட்காமல் விட்டது வினா தொடுத்தவரின் குறை. தம்பிக்கு முழு மதிப்பெண் உண்டு என்று இப்பகுதி தீர்ப்பளிக்கிறது. இவ்விதழை அவனிடம் தவறாது காட்டுங்கள்.

இந்தக் குழப்பத்தின் வேர் மிகப் பழையது. உரோமைத் தலைவர் ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைப்படுத்திய நாள்காட்டி, ஆண்டுக்கு 365 நாள் 6 மணி என்று கணக்கிட்டது. அந்த 6 மணிகளை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்த்து ஒரு நாளைக் கூட்டினர். உண்மையில் பருவங்களின் ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம் ஒரு பொருட்டா என்று தோன்றலாம். ஆனால் 128 ஆண்டுகள் கழிந்தால் அது ஒரு முழு நாளாகிவிடும். கி.பி. 325-இல் நீசேயாப் பொதுச்சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21-ஐ ஒட்டி நிகழ்ந்த சம இரவு நாள், 16-ஆம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. அந்நாளையும் அதனை அடுத்து வரும் முழுநிலவையும் கொண்டே உயிர்ப்புப் பெருவிழா கணிக்கப்படுவதால், திருச்சபை இதனைப் பாராமல் இருக்க முடியவில்லை.

திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் இதற்கென ஒரு குழுவை அமைத்தார். தீர்வின் அடிப்படையை வகுத்தவர் தென் இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் அலோய்சியுஸ் லீலியுஸ். தம் உழைப்பின் பயனைக் காண அவர் இருக்கவில்லை, 1576-இல் இறந்துபோனார். அவருடைய கையேட்டினை அவர்தம் சகோதரரே உரோமைக்குக் கொண்டு சேர்த்தார். அதனை ஆய்ந்து, பின்னர் எழுந்த எதிர்ப்புகளுக்கெல்லாம் விடையிறுத்தவர் இயேசு சபைத் துறவியும் கணித மேதையுமான கிறிஸ்டோபர் கிளாவியுஸ். நிலவின் பெரும்பள்ளங்களுள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது. லீலியுஸை எத்தனை பேர் அறிவர்? நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அவர் பெயரும் இருந்தால் தகும் என்பது நம் எண்ணம்.

1582 பிப்ரவரி 24-ஆம் நாளிட்ட ஆணையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. கிழமைகளின் வரிசை சற்றும் குலையவில்லை. தேதிகளில் மட்டும் பத்து நீக்கப்பட்டன. இனி நூற்றாண்டுத் தொடக்க ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுவனவே நெட்டாண்டு என்பது புதிய விதி. அதனால்தான் 1900-இல் பிப்ரவரிக்கு 28 நாள், 2000-த்தில் 29.

ஆணையில் நம் மனத்தைக் கவர்வது மற்றொன்று. பத்து நாள்கள் மறைந்ததைக் காரணம் காட்டி எவரும் எளியவரை நெருக்கக்கூடாதல்லவா? மாதந்தோறும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய தொகைகளுக்குரிய தவணைகளைப் பத்து நாள் நீட்டித்துக் கணிக்குமாறு நீதிபதிகளுக்கு அதிலேயே அறிவுறுத்தப்பட்டுள்ளது. திருத்தந்தையாவதற்கு முன் பொலோஞ்ஞாவில் சட்டம் கற்பித்த பேராசிரியர் அவர். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை.

அன்றிரவு ஸ்பெயினில் அல்பா தெ தொர்மெஸ் என்னும் ஊரில், அக்டோபர் 4-க்கும் 15-க்கும் இடைப்பட்ட அந்த ஒரே இரவில், அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இறைவனடி சேர்ந்தார். அவருடைய திருநாள் அக்டோபர் 15-இல் அமைந்ததன் காரணம் இப்போது விளங்கும். 1970-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட முதற்பெண்மணியும் இவரே.

கத்தோலிக்க நாடுகள் பல உடனே ஏற்றன. மற்றையோர் தயங்கினர், திருத்தந்தையோடு ஒத்துப்போவதைவிடக் கதிரவனோடு பிணங்கியிருப்பதே மேல் என்று கருதினர் போலும்! இங்கிலாந்து 1752-இல்தான் இசைந்தது. அதற்குள் பிழை 11 நாளாகிவிட்டது. அங்குச் செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. பறிபோன நாள்களைத் திருப்பித் தரக் கோரி மக்கள் கலகம் செய்தனர் என்று பல நூல்களில் காண்கிறோம். அதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர் கூறுகின்றனர். ஓவியர் ஹோகார்த் 1755-ஐ ஒட்டித் தீட்டிய தேர்தல் விருந்து ஓவியத்தில், அத்தகைய முழக்கம் எழுதிய தாள் ஒன்று தரையில் கிடக்கிறது. கேலிச் சித்திரத்தைப் பின்வந்தோர் வரலாறு என்று கொண்டுவிட்டனர். சுவீடனின் கதை இன்னும் வேடிக்கை: சிறிது சிறிதாக மாற முயன்று, கணக்குத் தடுமாறி, பழைய முறைக்கே திரும்புவதற்காக 1712-இல் பிப்ரவரி 30 என்றொரு நாளையே அந்நாடு கண்டது! இரஷ்யா 1918-இலும் கிரேக்கம் 1923-இலும் மாறின.

இனி, போட்டிகளில் அடிக்கடி கேட்கப்படும் சில வினாக்களைப் பார்ப்போம். ஷேக்ஸ்பியரும், தோன் கிகோத்தே கதையை எழுதிய செர்வாந்தெஸும் 1616 ஏப்ரல் 23-ஆம் நாள் ஒருசேர மறைந்தனர் என்பது புகழ்பெற்ற செய்தி. இங்கிலாந்தில் அன்று பழைய நாள்காட்டி, ஸ்பெயினில் புதியது. ஆகவே ஷேக்ஸ்பியர் மறைந்தது ஸ்பானியக் கணக்கில் மே 3. செர்வாந்தெஸோ 22-ஆம் நாளே இறந்து 23-இல் அடக்கம் செய்யப்பட்டார் என்பதே அறிஞர் பலரின் முடிவு. கலிலேயோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பதும் இத்தகையதே. கலிலேயோ மறைந்தது புதிய முறைப்படி 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்த 1642 கிறிஸ்துமஸ் பழைய முறையினது. புதிய முறையில் அது 1643 ஜனவரி 4. இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்தால் ஒரே ஆண்டு என்னும் அழகு மறைந்துவிடுகிறது.

விளையாட்டு ஆர்வலருக்கும் ஒன்று உண்டு. முதல் நவீன ஒலிம்பிக் போட்டிகள் ஏதென்சில் தொடங்கியது 1896 ஏப்ரல் 6. கிரேக்கர்களுக்கோ அன்று மார்ச் 25, அவர்களின் விடுதலைத் திருநாள். இன்னும் வியப்பானது, அவ்வாண்டு மேற்கிலும் கிழக்கிலும் உயிர்ப்புப் பெருவிழா ஒரே ஞாயிறன்று அமைந்தமையால், தொடக்க விழா நிகழ்ந்தது இரு சபையாருக்கும் பொதுவான பாஸ்காத் திங்கள்.

நாள்காட்டியை எவரும் திருத்தாமலேயே நாள் காணாமற்போவதும் உண்டு. மகெல்லனுடன் புறப்பட்ட ஐந்து கப்பல்களுள் எஞ்சிய விக்டோரியா 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவை அடைந்தபோது, கப்பலில் புதன், கரையில் வியாழன்! குறிப்பேடு எழுதிய பிகபெத்தா ஒரு நாளும் விடாது எழுதியவர். உலகை மேற்கு நோக்கிச் சுற்றியதால் ஒரு நாள் கழிந்தது என்று பின்னரே விளங்கிற்று. மெக்சிகோ வழியே ஸ்பானியர் வந்து குடியேறிய பிலிப்பீன்சு, அண்டை நாடுகளுக்கு ஒரு நாள் பின்தங்கியே நெடுங்காலம் வாழ்ந்து, 1844 டிசம்பர் 31-ஐ விட்டுவிட்டு வரிசையில் சேர்ந்தது. சமோவாத் தீவினர் அமெரிக்க வணிகத்தை முன்னிட்டு 1892-இல் ஜூலை 4-ஐ இருமுறை கொண்டாடினர். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வணிகத்தை முன்னிட்டு 2011 டிசம்பர் 30-ஐ முற்றிலும் துறந்தனர்.

நம் தமிழ் ஆண்டும் அசையாது நிற்பதன்று. விண்மீன்களைச் சார்ந்து கதிரவனின் செலவை அளக்கும் நம் பஞ்சாங்க ஆண்டு, பருவ ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்று மிகுதியானது. அதனால் 60, 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பொங்கலும் சித்திரை முதல் நாளும் ஆங்கிலத் தேதியில் தள்ளிப்போகின்றன. சுவாமி விவேகானந்தர் மகர சங்கராந்தி நாளில் பிறந்தவர். அந்நாள் 1863 ஜனவரி 12. இன்று அச்சங்கராந்தியான நம் பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது.

மடல் எழுதிய தாயின் மகனுக்கு நாம் ஒரு வினா அனுப்புகிறோம். அடுத்த போட்டியில் நடுவரிடம் அவனே கேட்கட்டும்: தம் எட்டாம் வயதில்தான் முதன்முறையாகத் தம் பிறந்த தேதியை நாள்காட்டியில் கண்ட இந்தியப் பிரதமர் யார்? விடை, மொரார்ஜி தேசாய். அவர் பிறந்தது 1896 பிப்ரவரி 29. 1900 நெட்டாண்டு அன்று. ஆகவே அடுத்த பிப்ரவரி 29 வந்தது 1904-இல்.