“டேட்டா வேணுமா சார்?”

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் லேப்டாப்பை மேசைமேல் வைத்ததும் வரும் முதல் கேள்வி இதுதான். வேணும் என்றால் ஒரு ரேட், வேண்டாம் என்றால் இன்னொரு ரேட். எதைச் சொன்னாலும் அடுத்து நடப்பது என்னவோ ஃபார்மட்தான். நாடி பிடிக்குமுன்பே காலை எடுக்கலாமா என்று கேட்கும் வைத்தியரை நாம் ஏற்பதில்லை. இந்தக் கடைக்காரரை ஏற்றுக்கொள்கிறோம்.

எனக்கும் நடந்தது. இரவு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. என் லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. காலையில் பார்த்தால் நீலத் திரை, சுழலும் புள்ளிகள், மறுபடி நீலத் திரை. கடைத்தம்பி மூன்று விநாடி பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “அப்டேட்ல அடிச்சிருச்சு சார். ஃபார்மட்தான்.”

அப்டேட்டில் படுத்த கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தால்தான் எழும் என்ற இந்த நம்பிக்கை கடைக்காரருடையது மட்டுமல்ல. என் வீட்டில் இன்ஜினியரிங் படித்த பிள்ளையும் இதைத்தான் சொன்னான். தவறு என்று மென்மையாகச் சொல்லிப் பயனில்லை, இது கலப்படமில்லாத மூடநம்பிக்கை.

அப்டேட் என்ன செய்கிறது? விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை மாற்றுகிறது. பழைய பதிப்புகளைத் தன் கிட்டங்கியில் வைத்துக்கொண்டுதான் புதியதைப் போடுகிறது. பாதியில் சிக்கினால் பின்வாங்க வழி வேண்டுமே. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பழைய விண்டோஸ் முழுவதையும் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவைத்து, வழக்கமாகப் 10 நாள் காக்கிறது. உங்கள் மகளின் கல்யாணப் படங்களும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருப்பது வேறு ஃபோல்டரில். வாசல் பூட்டு இறுகிவிட்டது, பீரோ உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஃபார்மட் என்பது வீட்டையே கொளுத்திவிட்டுப் புதுப் பூட்டு போடுவது.

அப்டேட்டே ஃபைல்களைத் தின்ற கதையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலரின் பழைய ஃபோல்டரைக் காலி என்று எண்ணி அழித்தது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில் திருத்தி விட்டது. ஃபைலை இழந்தவர்களுக்கு அது சொன்னது, அந்தக் கம்ப்யூட்டரைக் கூடியவரை தொடாதீர்கள் என்று. அழிந்த இடத்தின்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரைதான் மீட்க வாய்ப்பு. அந்த நிலையிலும் ஃபார்மட் செய்தால் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான ஃபைலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். அத்தனையையும் ஃபார்மட் செய்தா எழுப்பினார்கள்? சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை அழித்ததும் கம்ப்யூட்டர் எழுந்தது. பல இடங்களில் வேலையை இழுத்தடித்தது வேறொன்று: பிட்லாக்கர் என்ற பூட்டு போட்ட டிஸ்குகள் கேட்ட 48 இலக்கச் சாவி. யாரிடம் இருக்கிறது என்றே தெரியாமல் அலைந்தார்கள். இப்போது புது லேப்டாப்புகள் பலவற்றில் நம்மைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்படுகிறது. சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கும். இன்றே எடுத்து எழுதிவையுங்கள், அந்த லேப்டாப்புக்குள் அல்ல.

என் லேப்டாப்புக்கு வருகிறேன். கடையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தொடர்ந்து இரண்டு மூன்று முறை எழ முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரையைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் கமாண்ட் ப்ராம்ப்ட். கறுப்புப் பெட்டி பயமுறுத்தும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் சாதாரண நோட்பேட் திறக்கிறது. அதன் ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, எல்லா வகை ஃபைல்களையும் காட்டச் சொன்னால், என் டிஸ்க் முழுவதும் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் விரிந்தது. டிரைவ் எழுத்துதான் கொஞ்சம் குழப்பும், சி என்று நினைப்பது அங்கே டி ஆக இருக்கலாம். ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, பென் டிரைவில் பேஸ்ட். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை கிடையாது. ஜன்னல் உறைந்துபோய் நிற்கும். பென் டிரைவின் விளக்கு மினுக்குவதைப் பார்த்தபடி காபி குடித்து முடித்தேன். அதன் பிறகுதான் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ பக்கம் போனேன். கால் மணி நேரம் கறுத்த திரை. அப்புறம் பழைய லாகின், பழைய வால்பேப்பர்.

எல்லாருக்கும் இப்படிச் சுமுகமாக முடியும் என்று சொல்லவில்லை. டிஸ்கே செத்திருந்தால் கதை வேறு. ஃபார்மட் தேவைப்படும் நிலையும் வரும், கடைசியாக.

“முதல்ல ஃபார்மட் போட்டுக்கலாம், அப்புறம் ரெகவரி சாஃப்ட்வேர்ல எடுத்துக்கலாம்” என்று தைரியம் சொல்பவர்கள் இன்னும் பழைய ஹார்டு டிஸ்க் காலத்தில் இருக்கிறார்கள். அதன் இடத்துக்கு வந்த எஸ்எஸ்டி-யில் ‘ட்ரிம்’ என்றொரு ஏற்பாடு உண்டு. எந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் சொல்ல, எஸ்எஸ்டி அதைத் தானாகத் துடைத்துவிடும். துடைத்ததைத் தேடி எடுக்க எந்த சாஃப்ட்வேராலும் ஆகாது.

“டேட்டாவ எடுத்துட்டுதான் ஃபார்மட் போட்டோம்” என்பது அடுத்த சமாதானம். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் மட்டுமா டேட்டா? எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவரின் கம்ப்யூட்டரை இப்படித்தான் ‘பத்திரமாக’ ஃபார்மட் செய்தார்கள். பல வருடத்துக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்கள் அப்படியே திரும்பி வந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. பாமினி போன்ற பழைய யுனிகோட் அல்லாத எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தன. அவற்றை யாரும் டேட்டா என்று நினைக்கவில்லை. மூலைக்கடை ஒன்றின் டேலி கணக்கு பப்ளிக் ஃபோல்டருக்குள் இருந்து இதே கதியில் போனதும் தெரியும்.

சூடு கண்ட பூனையாய், இனி அப்டேட்டே வேண்டாம் என்று அணைத்து வைப்பவர்களும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே தைத்துக் கொடுத்திருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அந்தத் தையலைப் போட்டுக்கொள்ளாதவர்கள்.

பிறகொரு நாள் சார்ஜர் வாங்க அதே கடைக்குப் போனேன். லேப்டாப் எழுந்த கதையைச் சொன்னேன். தம்பி ஆச்சரியப்படவில்லை. “அது தெரியும் சார். அரை மணி நேரம் உட்கார்ந்து பாத்தா வந்திரும், இல்லன்னா வராது. வராட்டி உங்ககிட்ட என்ன வாங்குறது?” என்றார். ஃபார்மட்டுக்கு ஒரு ரேட் இருக்கே, பார்ப்பதற்கும் ஒரு ரேட் போட்டால் என்ன என்று கேட்டேன்.

சிரித்தார். “சும்மா பாக்குறதுக்கு யார் சார் காசு தருவா? நீங்களே அன்னிக்கு எவ்வளவு நேரம்னுதானே கேட்டீங்க?”