கண்மாயின் பெயரையும் எழுதுங்கள்

கண் சிவந்து, வெயிலில் கூசி, கருவிழிக்குப் பின்னால் முத்துப் போல ஒரு வெள்ளைக் கட்டியோடு வரும் கிராமத்துப் பிள்ளைகளை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நெடுநாளாகப் பார்த்து வருகிறது. பெரும்பாலும் பையன்கள், ஊர்க் கண்மாயிலோ ஊருணியிலோ முங்கிக் குளித்தவர்கள். காசநோயும் கண்ணில் கட்டியை உண்டாக்கும் என்பதால் நோயைத் தவறாகக் கணிப்பது எளிது. டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம் உள்ளிட்டோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கிராமத்தில் 41 பேருக்கு விழியின் வெள்ளைப் பகுதியை மூடிய படலத்தில் வந்த கட்டிகளுக்குத் தட்டைப்புழுவே காரணம் என்றது. 2016-இல், பிள்ளைகளின் கண்ணுக்குள்ளிருந்து எடுத்ததையும் குளத்து நத்தைகளில் இருந்ததையும் மரபணு வழியே ஒப்பிட்டு, 'புரோசெரோவம் வேரியம்' என்ற புழுவை அடையாளம் கண்டார்கள்.

இந்தப் புழுவுக்கு மனிதன் தேவையே இல்லை. மீன் தின்னும் நீர்ப்பறவையின் குடலில் வளர்கிறது. எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. கூம்பி நீண்ட ஓடுள்ள, விரல் நுனியளவு நத்தைக்குள் பெருகுகிறது. அங்கிருந்து வாலோடு நீந்தி வெளிவரும் இளம்புழு மீனைத் தேடிப் போகும். அந்த வழியில் ஒரு பையன் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் வழி தவறிக் கண்ணில் ஏறிவிடுகிறது. கட்டியை உறிஞ்சி எடுப்பார்கள், ஸ்டீராய்டு சொட்டு தருவார்கள், பையன் ஊர் திரும்புவான். அதே கண்மாய், அதே நத்தை. ஆகவே ஓ.பி. சீட்டில் வயதும் ஊரும் எழுதுகிற இடத்தில் குளித்த கண்மாயின் பெயரையும் எழுதி, அந்தத் தகவலை வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறேன்.

டெங்குவும் காசநோயும் இருக்க இதற்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்கலாம். எண்ணிக்கை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவனிக்காமல் விட்டால் போவது பத்து வயதுப் பிள்ளையின் பார்வை. நான் கேட்பதோ ஒரு வரி. பள்ளியில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே என்றால், 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரும் அந்த மாத்திரை உருளைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. நல்ல திட்டம், கண்மாயிலிருந்து கண்ணுக்கு வருவதை அது தடுக்காது. குளிக்காதே என்று போர்டு வைப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. சித்திரை வெயிலில் வேறு தண்ணீர் இல்லாத ஊரில் அந்தப் போர்டை யார் மதிப்பார்? மயில்துத்தம் கலந்து நத்தையைக் கொல்லலாம் என்பவர்கள், அதே மருந்து மீனையும் கொல்லும் என்பதை மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். எல்லாக் கண்மாயையும் சோதிக்கவும் முடியாது. ஆனால் ஒரே கண்மாயின் பெயர் மூன்று சீட்டில் வந்துவிட்டால், எந்தக் கரையில் இறங்கி நத்தை பொறுக்க வேண்டும், எந்த ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.